தொழில்: இல்லை

பிப்ரவரி 11

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

'அவர்களுக்கு' என்று போட்டதைப் பார்த்ததுமே நான் கோபமாக இருக்கிறேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். புரியட்டும் என்றுதான் போட்டேன்.

எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இது இடது கை. ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற அம்மா தினமும் ஒரு பக்கமாவது எழுதிப் பழகச் சொல்லியிருக்கிறார். என்ன எழுதுவது என்று தெரியாமல் மூன்று வாரமாக என் பெயரையும் வீட்டு முகவரியையும் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது எழுத விஷயம் கிடைத்துவிட்டது. உங்கள் நல வாரியத்திலிருந்தே வந்தது.

நவம்பரில் கையில் அடிபட்டபோது நீங்கள் எட்டு மணி நேரம் பஸ்ஸில் வந்து இரண்டு நாள் என் கட்டிலருகே உட்கார்ந்திருந்தீர்கள். அதை நான் மறக்கவில்லை. "கவலைப்படாதே, வேலை செய்யும்போது காயம்பட்டவங்களுக்கு வாரியத்துல மாசாமாசம் உதவி உண்டு, மனு போடு" என்று சொன்னதும் நீங்கள்தான். போட்டேன். ஜனவரி 28 தேதியிட்டுப் பதில் வந்திருக்கிறது. என் வீட்டுக்காரர், அதாவது உங்கள் தம்பி, அதைப் படித்துவிட்டு மடித்து அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டார். துணி எடுக்கும்போது அகப்பட்டது. அப்படியே எழுதுகிறேன்.

'விண்ணப்பதாரர், உறுப்பினரின் மனைவியாகவும் அவரைச் சார்ந்தவராகவும் மட்டுமே பதிவு செய்யப்பட்டுள்ளார். தொழில்: இல்லை. ஆகவே பணியிடக் காயம் ஏற்பட வாய்ப்பில்லை. மனு நிராகரிக்கப்படுகிறது.'

வாய்ப்பில்லையாம். அப்படியானால் என் உள்ளங்கையில் இருக்கிற பதினேழு தையலும் யாருடையது என்று உங்கள் ஆபீஸில் கேட்டுச் சொல்லுங்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டைல்ஸ் இடுக்கை அடைக்கிறவளுக்கு அந்த இரண்டு விரலும் போனால் மிச்சம் என்ன?

மூன்று வருஷத்துக்கு முன்னால், சொந்தத் தொழில் செய்கிறவர்களும் வாரியத்தில் சேரலாம் என்று சட்டம் வந்ததும் முதல் வாரமே எங்களைக் கூப்பிட்டு உங்கள் ஆபீஸ் ஜன்னல் முன்னால் நிற்க வைத்தீர்கள். உங்கள் தம்பியின் படிவத்தையும் என் படிவத்தையும் உங்கள் கையாலேயே நிரப்பினீர்கள். பதினாறு வருஷமாக நான் அவரோடு முட்டிபோட்டு வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். பிறகு ஏன் அண்ணி அப்படி எழுதினீர்கள்? இது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

போனில் கூப்பிடாதீர்கள். குரலைக் கேட்டால் நான் அழுதுவிடுவேன், நீங்கள் சமாதானப்படுத்திவிடுவீர்கள். எழுதியே பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தொழில் இல்லாதவள்

*

பிப்ரவரி 20

அன்புள்ள ரசமட்டத்துக்கு,

என் தம்பி உனக்கு வைத்த பெயரிலேயே கூப்பிடுகிறேன். எந்தத் தரையைப் பார்த்தாலும் கருவி வைக்காமலே எந்தப் பக்கம் சரிவு என்று சொல்லிவிடுவாய் என்று பெருமையடித்துக்கொள்வானே, அந்தப் பெயர். 'அவர்களுக்கு' எல்லாம் எனக்கு வேண்டாம்.

உன் கடிதத்தை ஆபீஸில் பிரித்துவிட்டேன். வீட்டில் வைத்துப் பிரித்திருக்க வேண்டும். பக்கத்து மேஜைக்காரி "என்ன, கண்ணுல தூசியா?" என்று கேட்டாள்.

நீ கேட்டதற்குப் பதிலைப் பிறகு சொல்கிறேன். முதலில் நடக்க வேண்டியதைப் பார்ப்போம். கவனமாகப் படி.

நிராகரிப்பு வந்த நாளிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஏப்ரல் 28 கடைசி. ஆனால் மேல்முறையீடு என்பது பெரிய இழுபறி. நீ காயத்துக்கு முன்பே தொழிலாளி என்று காட்ட வேண்டும். நீ வேலை செய்த இரண்டு இடத்தின் சொந்தக்காரர்கள் எழுதிக் கையெழுத்திட வேண்டும். கணவன் சொல்வது செல்லாது. அதெல்லாம் உன்னால் ஆகிற காரியமா?

சுலபமான வழி ஒன்று இருக்கிறது. உறுப்பினரைச் சார்ந்தவர்களுக்கு வீட்டில் விபத்து நடந்தால் ஒரு முறை கொடுக்கும் உதவித்தொகை உண்டு. பெரிய தொகை இல்லை, ஆனால் கேள்வி கேட்காமல் கிடைக்கும். சமையலறையில் காய் நறுக்கும்போது கத்தி வழுக்கிவிட்டது என்று புது மனு எழுது. அதை இந்தப் பக்கம் தள்ளிவிடுவது என் பொறுப்பு. படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

அந்தப் படிவத்தில் ஏன் அப்படி எழுதினேன் என்று கேட்டாய். அன்றைக்கு வாசல் வரை வரிசை. ஒரு குடும்பத்துக்கு ஒரு தொழிலாளி என்று போட்டால் வேலை சீக்கிரம் முடியும். எல்லோரும் அப்படித்தான் எழுதினோம். உன்னை மட்டம் தட்ட நினைத்து எழுதவில்லை, நம்பு.

விரலை வெந்நீரில் வைத்து மடக்கிப் பழகுகிறாயா? அவன் சரியாகச் சாப்பிடுகிறானா? நேற்று போனில் பேசியபோது குரலே சரியில்லை.

அன்புடன்,
அண்ணி

*

மார்ச் 2

அண்ணிக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. பயப்படாதீர்கள், யாருக்கும் காட்டமாட்டேன். எனக்கே அவ்வப்போது படித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது, அதனால்தான்.

என் கையை வெட்டியது காய் நறுக்கும் கத்தி இல்லை. நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது மருந்து மயக்கத்தில் நான் சரியாகச் சொல்லியிருக்க மாட்டேன். இப்போது சொல்கிறேன். ஒரு கிளினிக்கில் கழிப்பறை வேலை. தரை முடிந்துவிட்டது, சுவர் ஓரத்துக்குப் பட்டைத் துண்டுகள் வெட்ட வேண்டும். ஓரத்துண்டு எப்போதும் நான்தான் வெட்டுவேன், உங்கள் தம்பி வெட்டினால் அரை விரல் அளவு தப்பும். ஏழாவது துண்டு வெட்டும்போது மெஷினில் சுற்றுகிற தகடு உடைந்து கையில் பாய்ந்தது. வலி உடனே தெரியவில்லை. புதிதாக ஒட்டிய வெள்ளைத் தரையில் சிவப்பாகப் பரவுவதைப் பார்த்து, 'ஐயோ, இடுக்கில் இறங்கினால் கறை போகாதே' என்று இடது கையால் துடைக்கப் போனேன். அவர் சட்டையைக் கழற்றி என் கையைச் சுற்றினார். அந்தத் தரையை இன்னொரு ஆள் வந்துதான் கழுவினார்.

இதைச் சமையலறையில் நடந்ததாக எழுதச் சொல்கிறீர்கள். காசுக்காக எழுதிவிடலாம்தான். இரண்டு நாள் யோசிக்கவும் செய்தேன். வீட்டு நிலைமை அப்படி. ஆனால் எழுதினால், வாரியம் சொன்னது சரியென்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். ஏற்கனவே ஒரு தடவை போட்டாயிற்று.

இன்னொன்று கேளுங்கள். போன மாதத்திலிருந்து உங்கள் தம்பி என் இடத்துக்கு ஆள் வைத்திருக்கிறார். நாற்பது வயது இருக்கும், நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். நாள் கூலி. முதல் நாள் காலையில் வீட்டுக்கு வந்து, "அம்மா, ஒயிட் சிமெண்ட்ல எவ்வளவு தண்ணி விடுவீங்க? மேஸ்திரிக்குத் தெரியலையாம், உங்களைக் கேக்கச் சொன்னாரு" என்று நின்றார். உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். ரப்பர் கரண்டியைக் குறுக்காக இழுக்க வேண்டும், இடுக்கோடு இழுத்தால் பள்ளம் விழும், அரை மணி கழித்து ஈரப் பஞ்சால் ஒரே ஒரு தடவை துடைக்க வேண்டும். எல்லாம் கேட்டுக்கொண்டார். போகும்போது சட்டைப் பையிலிருந்து வாரிய அட்டை கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். தொழில் என்ற இடத்தில் 'டைல்ஸ் இடுக்கு அடைப்பவர்' என்று இருக்கிறது. அதைச் செய்தால் அவர் தொழிலாளி. நான் செய்தபோது அதற்குப் பெயரே இல்லை.

பதினாறு வருஷம் எனக்குக் கூலி என்று யாரும் கொடுத்ததில்லை, நானும் கேட்டதில்லை. அது எங்கள் வீட்டுக் கதை, அதை உங்கள் மேல் போடவில்லை.

மேல்முறையீடுதான் செய்யப் போகிறேன். இரண்டு இடத்துச் சொந்தக்காரர்கள் வேண்டும் என்றீர்களே. ஒருவர் நீங்கள். உங்கள் குளியலறைத் தரையும் சுவரும் யார் ஒட்டியது? கணவன் சாட்சி செல்லாது என்று விதியில் இருக்கிறது, நாத்தனார் செல்லாது என்று இல்லை, இங்கே மனு எழுதிக் கொடுப்பவர் ஒருவரைக் கேட்டுவிட்டேன். விதி எழுதியவருக்கு நாத்தனார் இருந்திருக்க மாட்டார்.

எழுதிக் கொடுப்பீர்களா?

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

*

மார்ச் 9

அன்புள்ள தம்பி மனைவிக்கு,

நீ என்ன கேட்கிறாய் என்று தெரிந்துதான் கேட்கிறாயா?

என் வீட்டில் நீ வேலை செய்தாய் என்று நான் எழுதிக் கொடுத்தால், உடனே தேதி பார்ப்பார்கள். குளியலறை வேலை நடந்தது படிவம் நிரப்பியதற்கு முந்தின வருஷம். தெரிந்தே பொய்யாகப் பதிவு செய்தேன் என்று நானே எழுதிக் கொடுத்ததாக ஆகும். விசாரணை வைப்பார்கள். எனக்கு ஓய்வு பெற இன்னும் பத்து மாதம். விசாரணை நடந்தால் ஓய்வூதியத்தை நிறுத்தி வைப்பார்கள், எத்தனை வருஷம் என்று யாருக்கும் தெரியாது. நான் ஒண்டிக்கட்டை. உனக்காவது அவன் இருக்கிறான்.

வேறு இரண்டு பேரைப் பார். பதினாறு வருஷத்தில் எத்தனை வீடு செய்திருப்பீர்கள்? இரண்டு பேர் கிடைக்க மாட்டார்களா?

என்னை இதில் இழுக்காதே.

அண்ணி

*

மார்ச் 27

அன்புள்ள அண்ணிக்கு,

கோபம் இல்லை. கொஞ்ச நாள் இருந்தது, பிறகு அலைச்சலில் போய்விட்டது.

நீங்கள் சொன்னபடி வேறு ஆட்களைப் பார்க்கக் கிளம்பினேன். ஒரு மூன்று மாடி வீடு, மாடிப்படி முழுக்க நான் அடைத்தது. வீட்டுக்காரர் வரவேற்று உட்கார வைத்தார். "உங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷன், இன்னிக்கு வரைக்கும் ஒரு கல்லு ஆடலை" என்றார். நான் வந்ததாக எழுதித் தாருங்கள் என்றேன். யோசித்தார். "கூட ஒரு அம்மா வருவாங்க. தண்ணி எடுத்துக் குடுப்பாங்க. அது நீங்களா?" என்று கேட்டார். தெரியாததை எழுத முடியாது என்றார். அவர் பொய் சொல்லவில்லை அண்ணி. நான் முட்டி போட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அவர் நின்றுகொண்டு உங்கள் தம்பியோடு பேசிக்கொண்டிருப்பார். என் முகத்தை அவர் பார்த்திருக்கவே முடியாது.

பல் டாக்டர் வீட்டில் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு வீடு கை மாறிவிட்டது, புதிதாக வந்தவர்கள் தரையையே உடைத்து மாற்றிவிட்டார்கள். இப்படிப் பதினோரு வாசல். எல்லா வீட்டிலும் தரையைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிகிறது. எந்த மூலையில் கல் கோணலாக வந்தது, அதை எப்படி இடுக்கில் சரிக்கட்டினேன் என்பதெல்லாம் ஞாபகம் வருகிறது. அந்த வீட்டுக்காரர்களுக்கு என்னைத் தெரியவில்லை.

ஒருவர் மட்டும் கிடைத்தார். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். கதவைத் திறந்ததும், "நீதானே என் சமையல்கட்டுக்குச் சாம்பல் கலர்தான் சரின்னு மூணு நாள் சண்டை போட்டவ?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் வெள்ளை வேண்டும் என்றார், வெள்ளை ஒரு வருஷத்தில் அழுக்காகும் என்றேன் நான். சாம்பல்தான் போட்டோம். இரண்டு பக்கம் எழுதி, தேதியோடு முழுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சண்டை போடாமல் நல்ல பிள்ளையாக வேலை செய்த வீட்டில் எல்லாம் என்னை மறந்துவிட்டார்கள்.

ஒரு சாட்சி போதாது என்கிறார்கள். பரவாயில்லை. ஒன்றை வைத்தே மனுவைக் கொடுத்துவிட்டேன். இன்னொன்று ஏப்ரல் 28-ஆம் தேதிக்குள் சேர்க்கலாமாம். சேராவிட்டால் தள்ளிவிடுவார்கள், அவ்வளவுதானே.

உங்களிடம் கேட்டது தப்பு. பத்து மாதத்தில் கிடைக்கப் போகிற சோற்றை விட்டுக்கொடு என்று யாரையும் கேட்கக் கூடாது. அது எனக்குத் தோன்றவில்லை, என் கையே பெரிதாகத் தெரிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் கடிதத்தில் எல்லாம் நீங்கள் செய்த மாதிரி எழுதினேன். அன்றைக்கு நீங்கள் எழுதும்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் படித்துக்கொண்டுதான் இருந்தேன். 'தொழில்: இல்லை' என்று எழுதி, பக்கத்தில் 'இல்லத்தரசி' என்றும் போட்டீர்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது அண்ணி. நகத்தில் சிமெண்ட் போகாத கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அரசாங்கத் தாளில் என்னை வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவளாக எழுதுகிறார்களே, நாத்தனார் எனக்கு மரியாதை கொடுக்கிறாரே என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். அந்தச் சிரிப்பு இப்போது ஞாபகம் வந்தால் உடம்பு கூசுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி மனைவி

*

ஏப்ரல் 22

அன்புள்ள ரசமட்டத்துக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். வரிசை நீளமாக இருந்தது என்று எழுதினேனே, அது பொய். வரிசை இருந்தது உண்மை, அதனால் எழுதினேன் என்பது பொய்.

உன்னைப் பெண் பார்க்க வந்தபோது உன் அப்பாவிடம் நான்தான் பேசினேன். எங்கள் வீட்டில் பெரியவர்கள் இல்லை. "உங்க பொண்ணு எங்க வீட்ல கால் மேல கால் போட்டு உக்காந்திருப்பா, வேலைவெட்டிக்கு அனுப்ப மாட்டோம்" என்று சொன்னேன். அவர் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டாம் வருஷமே நீ சாந்துச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அவனோடு கிளம்பிவிட்டாய். உனக்கு அது பிடித்திருந்தது என்பது எனக்குத் தெரியவில்லை. என் வாக்குப் பொய்யானதுதான் தெரிந்தது. யார் கேட்டாலும் "தம்பி பொண்டாட்டி வீட்டோடதான் இருக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆபீஸிலும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். அன்றைக்கு என் இரண்டு பக்கமும் அதே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் 'டைல்ஸ் வேலை' என்று எழுத என் பேனா வரவில்லை.

அவன் பதினைந்து வயதில் படிப்பை விட்டு மண் சுமந்ததால்தான் நான் படித்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்தவளுக்கு, கையால் வேலை செய்வதில் என்ன கேவலம் தெரிந்ததோ. எனக்கே விளங்கவில்லை.

என்னிடம் கேட்டது தப்பு என்று நீ எழுதிய கடிதம் வந்த மறுநாள் காலை குளிக்கப் போனேன். தண்ணீர் போகிற ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு சாண் அளவுக்கு இடுக்கு உதிர்ந்திருக்கிறது, தண்ணீர் கீழே இறங்குகிறது. அதைப் பார்க்கக் குனிந்தேன். முட்டி போட வேண்டியிருந்தது. அப்போதுதான் கவனித்தேன், தரை எவ்வளவு சின்னச் சின்னக் கோடாக இருக்கிறது என்று. நீ அந்தத் தரை போட்ட ஒன்பது நாளும் நான் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். கதவருகே நாற்காலி போட்டுக் காப்பி குடித்துக்கொண்டே உன்னோடு பேசினேன். நீ தலை தூக்காமல் பதில் சொன்னாய். ஐந்தாம் நாள் உன் முட்டி வீங்கி, என் பழைய தலையணையைக் கேட்டாய். அழுக்காகிவிடும் என்று கோணிச்சாக்கு மடித்துக் கொடுத்தேன். அதுவும் ஞாபகம் வந்தது. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக நான் எழுதியதை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

'மேற்படி விண்ணப்பதாரர் என் வீட்டுக் குளியலறையில் ஒன்பது நாட்கள் டைல்ஸ் வெட்டி, இடுக்கு அடைத்து வேலை செய்ததை நேரில் பார்த்தேன். அடுத்த ஆண்டு பதிவு எழுத்தர் என்ற முறையில் அவரது படிவத்தில் தொழில் இல்லை என்று என் கையால் எழுதினேன். அது உண்மையல்ல என்று எழுதும்போதே எனக்குத் தெரியும். என்ன எழுத வேண்டும் என்று அவரை நான் கேட்கவில்லை.'

மேலதிகாரி படித்துவிட்டு, "அம்மா, கடைசி ரெண்டு வரியை எடுத்துடுங்க, யாருக்கும் தெரியப்போறதில்ல" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எடுத்தால் ஏன் முதலில் அப்படிப் பதிவானது என்ற கேள்வி உன் மேல் வரும், நீயே பொய் சொல்லிச் சேர்ந்ததாக ஆகும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்றைக்கு என்னை ஜன்னலிலிருந்து எடுத்து, கோப்பு அறையில் போட்டிருக்கிறார்கள். விசாரணை எப்போது என்று சொல்லவில்லை. அறையில் மூன்று வருஷத்துப் படிவங்கள் அடுக்கியிருக்கின்றன. சும்மா இருக்க முடியாமல் நான் நிரப்பியவற்றை எடுத்துப் பார்த்தேன். துணி தேய்க்கிறவர், மனைவி, தொழில் இல்லை. நாற்காலி பின்னுகிறவர், மனைவி, தொழில் இல்லை. பழ வண்டிக்காரர், மனைவி, தொழில் இல்லை. எல்லாம் என் கையெழுத்து, அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். எனக்கு அழகான கையெழுத்து என்று ஆபீஸில் பெயர். மதியத்துக்குள் எண்பது வந்தது, அதோடு நிறுத்திவிட்டேன். இவர்களில் ஒருவரையும் நான் கேட்டதாக ஞாபகம் இல்லை.

அவனிடம் இதைச் சொல்லாதே. தன்னால்தான் என்று உடைந்துபோவான்.

அன்புடன்,
அண்ணி

*

ஜூலை 16

அன்புள்ள அண்ணிக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. உங்களுக்கு அங்கேயே தெரிந்திருக்கும், ஆனாலும் நான் சொல்லித்தான் நீங்கள் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மனுதாரர் சொந்தத் தொழில் செய்யும் தொழிலாளி என்பது நிரூபணமாகிறது என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை மூன்று தடவை படித்தேன். அடுத்த வரியில், பதிவு மேல்முறையீட்டுத் தேதியிலிருந்துதான் செல்லும், காயம் அதற்கு முன்பே ஏற்பட்டதால் உதவி வழங்க இயலாது என்று இருக்கிறது. மேலே போக இடமில்லையாம். ஆக, கை போனபோது நான் தொழிலாளி இல்லை. தொழிலாளி ஆனபோது கை இல்லை. இதற்காகவா நீங்கள் உங்கள் ஓய்வூதியத்தைப் பணயம் வைத்தீர்கள் என்று இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். விசாரணை என்ன ஆயிற்று என்று நீங்களும் எழுதவில்லை, கேட்கவும் எனக்குப் பயமாக இருக்கிறது.

அட்டை திங்கட்கிழமை வந்தது. என் போட்டோ, என் பெயர். தொழில்: டைல்ஸ் இடுக்கு அடைப்பவர். உங்கள் தம்பி வேலையிலிருந்து வந்ததும் அவர் கையில் கொடுத்தேன். படித்தார். கொல்லைப்புறம் போய்க் கால் கழுவினார், அதையே வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரசமட்டம், அன்னிக்கு ஜன்னல்கிட்ட நானும் பக்கத்துலதான் நின்னேன். அக்கா எழுதுனதைப் பார்த்தேன். தப்புன்னு தெரிஞ்சுது. ரெண்டு பேரும் சந்தோஷமா இருக்கீங்க, எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்" என்றார்.

நீங்கள் அவரிடம் சொல்லாதே என்றீர்கள். அவருக்கு மூன்று வருஷமாகத் தெரிந்திருக்கிறது. ஒரு சின்னக் கட்டத்தை மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம். யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் போதும். அதை நினைத்தால்தான் ஆறவில்லை.

அட்டையின் கீழே என் கையெழுத்து வேண்டும். போட்டேன். இடது கையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்திருக்கிறது. பழைய படிவத்தின் நகலையும் தீர்ப்போடு சேர்த்து அனுப்பியிருந்தார்கள். அதில் என் வலது கைக் கையெழுத்து எவ்வளவு நேராக இருக்கிறது தெரியுமா? நல்ல கை இருந்தபோது அதைத் தப்பான தாளில் போட்டுவிட்டேன்.

இனி நடக்க வேண்டியது. அந்த எண்பது பேரின் முகவரியைக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். ஆபீஸ் விதி இடம் கொடுக்காது என்றால் நீங்களே எழுதிப் போடுங்கள், உங்களுக்குத்தான் அழகான கையெழுத்தாயிற்றே. வேலை செய்கிறவர்கள் இப்போதே திருத்திக்கொள்ளட்டும், கை கால் நன்றாக இருக்கும்போதே. எனக்குத் தாமதமானது அவர்களுக்கு ஆக வேண்டாம்.

அடுத்த மாதம் நான் உங்கள் வீட்டுக்கு வருகிறேன், தனியாக. தண்ணீர் போகிற ஓட்டைப் பக்கம் இடுக்கு உதிர்ந்திருக்கிறது என்றீர்களே, அதை அடைக்க வேண்டும். இடது கையால் ரப்பர் கரண்டி பிடித்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். பழைய வேகம் வராது. ஒரு சாண் இடத்துக்கு அரை நாள் ஆகும். என் இடத்துக்கு வந்திருக்கிற ஆள் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே அம்மா, என்னைவிட நீங்க சுத்தமாத்தான் செய்றீங்க" என்றார், மரியாதைக்குச் சொல்லியிருக்கலாம்.

அண்ணி என்பதற்காகச் சும்மா செய்ய மாட்டேன், அரை நாள் கூலி வாங்குவேன். முட்டிக்கு அந்தத் தலையணை வேண்டும். ரசீது உங்கள் கையால் எழுதுங்கள். தொழில் என்ற இடம் வந்ததும் நிறுத்தி, என்ன எழுதட்டும் என்று என்னைக் கேளுங்கள். எனக்குப் பதில் தெரியும், உங்களுக்கும் தெரியும். இருந்தாலும் கேளுங்கள்.

இப்படிக்கு,
ரசமட்டம்